காணாமல் போனவரின் சட்டம்

இஸ்லாமியச் சட்டம் படித்தவள் என்று நான் சொன்னால், எதிரில் இருப்பவர் முதலில் என் நெற்றிப் பொட்டைப் பார்ப்பார். அப்புறம் பெயரைக் கேட்பார். பெயரிலும் விடை கிடைக்காதபோது, கொஞ்சம் தயங்கி, "லவ் மேரேஜா?" என்பார். மெயின்லேண்டில் படித்த காலம் முழுக்க இது நடந்தது. போர்ட் பிளேயருக்குத் திரும்பி வந்த பிறகு குறைந்துவிட்டது. இங்கே எங்கள் குடும்பத்தைத் தெரிந்தவர்கள் அதிகம். தெரிந்தவர்கள் யாரும் ஏன் படித்தாய் என்று கேட்டதில்லை.

எங்கள் வீடு போர்ட் பிளேயருக்கு எதிர்க்கரையில், பாம்பூஃப்ளாட் ஜெட்டியிலிருந்து மேடேறும் சாலையில் இருக்கிறது. அப்பா பொதுப்பணித் துறையில் சாலை மேற்பார்வையாளர். நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது அவரைத் தெற்கே நிக்கோபார் பகுதியிலிருக்கும் கச்சால் தீவுக்கு மாற்றினார்கள். என் படிப்பு கெடக்கூடாது என்று அம்மாவும் நானும் இங்கேயே தங்கிவிட்டோம். கப்பல் கிடைக்கிறபோது அப்பா வருவார். சில நாள் இருப்பார். பெரும்பாலும் தூங்குவார். போகும்போது என் தலையில் கை வைத்துவிட்டு, அம்மாவிடம் "சலோ, வரேன்" என்பார். அவ்வளவுதான் அவர் பேச்சு.

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் ஊரிலும் பூமி ஆடியது. கடல் சாலைக்கு வந்தது. மேட்டில் இருந்ததால் நாங்கள் தப்பித்தோம். கச்சாலைப் பற்றிச் செய்தி வரவே பல நாள் ஆனது. வந்தபோது அதில் அப்பா இல்லை. இறந்தவர்களிலும் இல்லை, கப்பலில் ஏற்றிவந்து முகாம்களில் வைத்தவர்களிலும் இல்லை. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு முகாமாக ஏறி இறங்கினாள். கச்சால்காரர் என்று யாரைக் கண்டாலும் அப்பாவின் போட்டோவைக் காட்டினாள். அவரைத் தெரியும் என்றவர்கள் உண்டு. அன்று காலையில் பார்த்தேன் என்று சொல்ல ஒருவரும் இல்லை.

அம்மாவைக் கட்டிப்போட்டது வேறொரு செய்தி. அப்பா தங்கியிருந்த குவார்ட்டர்ஸ் தீவின் உள்ளே, உயரமான இடத்தில் இருந்தது. தண்ணீர் அங்கே ஏறவில்லை. கூடத் தங்கியிருந்தவர் கிறிஸ்துமஸ் லீவில் ஊருக்குப் போயிருந்தார். பிறகு அவர் திரும்பிப் போனபோது, கொடியில் போட்டிருந்த அப்பாவின் சட்டை அப்படியே தொங்கிக்கொண்டிருந்ததாம். அந்தச் சட்டையையும் பெட்டியையும் அவர்தான் கொண்டுவந்து எங்களிடம் கொடுத்தார்.

"சட்டை நனையலை," என்றாள் அம்மா. "சட்டைக்கு ஒண்ணும் ஆகலைன்னா அவருக்கு எப்படி ஆகும்?"

காட்டுக்குள் ஓடியவர்கள் வாரக் கணக்கில் கழித்து வெளியே வந்த கதைகளை அப்போது எல்லோரும் பேசினார்கள். கடலில் மிதந்தவர்களை ஏதோ கப்பல் தூக்கிப்போய் இந்தோனேசியாவில் இறக்கிவிட்டது என்றும் சொன்னார்கள். அம்மா எல்லாவற்றையும் கேட்டு வைத்துக்கொண்டாள். ராமநாதபுரத்திலிருந்து வந்த மாமா ஒருநாள் மெதுவாகச் சொன்னார்: "தங்கச்சி, கருமாதி பண்ணிடலாம்மா."

"யாருக்கு?" என்று கேட்டாள் அம்மா.

மாமா அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அரசாங்கம் இறப்புச் சான்றிதழ் கொடுத்தது. மாமாதான் போய் வாங்கிவந்தார். அம்மா பொட்டையும் தாலியையும் எடுக்கவில்லை. கல்யாண வீடுகளில் சிலர் அவளைப் பார்த்ததும் தாம்பாளத்தை வேறு பக்கம் திருப்பினார்கள். சிலர் வேண்டுமென்றே அவளுக்கு முதலில் நீட்டினார்கள். இரண்டுமே அவளுக்குப் பிடிக்கவில்லை. கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

இப்படித்தான் நான் வளர்ந்தேன். மெயின்லேண்டில் எம்.ஏ. வரலாறு முடித்தேன். கடல் வணிகம் பற்றி அங்கேயே ஆராய்ச்சிக்குச் சேர்ந்தேன். அராபிய வணிகர்களைப் பற்றிப் படிக்கையில், கப்பல் மூழ்கினால் சரக்கு யாருடையது என்ற கேள்விக்காக ஒரு பழைய சட்ட நூலின் மொழிபெயர்ப்பை நூலகத்தில் எடுத்தேன். பக்கங்களைப் புரட்டும்போது ஓர் அத்தியாயத் தலைப்பு கண்ணில் பட்டது. மஃப்கூத். அதாவது, காணாமல் போனவர்.

உயிரோடு இருக்கிறாரா இறந்தாரா என்று தெரியாத மனிதருக்குத் தனியாக ஓர் அத்தியாயம். அவர் மனைவி என்ன செய்வது, சொத்து என்ன ஆவது, எத்தனை காலம் காத்திருப்பது, காத்திருப்பை முடித்துவைக்க யாருக்கு அதிகாரம். தன் உடைமையைப் பொறுத்தவரை அவர் உயிரோடிருப்பவர், பிறரிடமிருந்து வரவேண்டியதைப் பொறுத்தவரை இறந்தவர் என்று அதில் ஒரு விதி இருந்தது. நான் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போய்த் தண்ணீர்க் குழாயருகே நின்றேன். எங்கள் வீட்டில் அப்பாவைக் குறிக்க ஒரு சொல் இல்லாமல் இருந்தது. "அவர்" என்பாள் அம்மா. சொந்தக்காரர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். இங்கே, நூற்றாண்டுகளுக்கு முன்னால் எங்கோ பாலைவன நகரத்தில் உட்கார்ந்து ஒருவர் அவருக்குப் பெயர் வைத்து, அவருக்காக வாதாடியிருக்கிறார்.

மறுவாரமே இஸ்லாமிய ஆய்வுகள் துறைக்கு மாறினேன். அரபி எழுத்துகளைச் சிறுபிள்ளை மாதிரி நாற்பது தடவை எழுதிப் பழகினேன். காணாமல் போனவர் பற்றிய சட்டமே என் முனைவர் பட்ட ஆய்வு. வாய்மொழித் தேர்வில் ஒரு பேராசிரியர் ஏன் இந்தத் தலைப்பு என்று கேட்டார். இந்தத் துறையில் இதைப் பற்றிப் போதுமான ஆய்வு இல்லை என்றேன். அதுவும் உண்மைதான். அம்மாவிடம் "முஸ்லிம் சட்டம்" என்று மட்டும் சொல்லியிருந்தேன். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை.

படிப்பு முடிந்து இங்குள்ள பல்கலைக்கழக மையத்தில் வேலை கிடைத்தது. மையம் சின்னது. வரலாறும் சமய ஆய்வும் சேர்ந்த ஒரே துறை. சென்ற ஆண்டு எங்கள் இயக்குநர் ஒரு கூட்டம் போட்டு, ஆசிரியர்கள் ஒவ்வொருவரும் வளாகத்துக்கு வெளியே போய்ப் பொதுமக்களிடம் பேசவேண்டும் என்றார். "நீங்க படிச்சது ஊருக்குத் தெரியணும். ஜர்னல்ல போட்டா யார் படிப்பாங்க?" என்று ஹிந்தியில் கேட்டார். மற்றவர்கள் பவளப்பாறை, கைதிகள் குடியேற்றம் என்று தலைப்புக் கொடுத்தார்கள். நான் என் ஆய்வுத் தலைப்பையே சொன்னதும் இயக்குநர் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார்.

கூட்டம் முடிந்ததும் சக ஆசிரியர் ஒருவர் என்னைத் தனியாக அழைத்தார். "மேடம், இன்னிக்கு இருக்கிற நிலைமையில இது தேவையா? உங்க ஆளுங்க கேப்பாங்க, நீ ஏன் அவங்க சட்டத்தைப் பேசறேன்னு. அவங்க ஆளுங்களும் அதையேதான் கேப்பாங்க."

அவர் அக்கறையாகத்தான் சொன்னார். சொன்னதும் தப்பில்லை. பாம்பூஃப்ளாட் பள்ளிவாசல் கமிட்டியின் செயலாளரைப் பார்க்கப் போனபோது அவர் முதலில் கேட்டது, "டீச்சர், ஃபத்வா கொடுக்கப் போறீங்களா?" என்றுதான்.

"இல்லை. பழைய காலத்தில் யார் யார் என்ன சொன்னார்கள் என்று சொல்லப்போகிறேன். தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை."

"எங்க இமாமும் மேடையில உட்காரணும். சம்மதமா?"

அதைத்தான் நானே கேட்கலாம் என்று போயிருந்தேன். இமாம் மலபாரிலிருந்து வந்தவர். என் வயதுதான் இருக்கும். நிறையப் படித்தவர், நிதானமானவர். பேச்சுக்கு முன் இரண்டு மூன்று தடவை சந்தித்து நூல்களை வைத்துக்கொண்டு பேசினோம். ஓரிடத்தில் எங்களுக்கு ஒத்துப்போகவில்லை. காணாமல் போனவனின் மனைவியைப் பற்றி ஒரு பழைய கருத்து உண்டு: அவள் சோதிக்கப்பட்டவள், சாவுச் செய்தியோ மணவிலக்கோ வரும்வரை பொறுத்திருக்கட்டும் என்று. அந்த வரியை மேடையில் சொல்லவேண்டாம் என்றேன். கேட்கிறவர்களுக்கு வலிக்கும் என்பது என் எண்ணம்.

"அதை மறைச்சா, நாலு வருஷம் காத்திருந்தா போதும்னு மற்றவங்க ஏன் போராடினாங்கன்னு புரியாது," என்றார் அவர். "வலிக்கிறதையும் சொல்லித்தான் ஆகணும் டீச்சர்."

அவர் சொன்னதே சரி என்று ஒப்புக்கொண்டேன்.

ஒரு ஞாயிறு சாயங்காலம், அஸர் தொழுகைக்குப் பிறகு, சமுதாயக் கூடத்தில் கூட்டம். இருபது பேர் வந்தால் அதிகம் என்று நினைத்திருந்தேன். நாற்காலி போதவில்லை. மலபாரிலிருந்து வந்து குடியேறிய மாப்பிளா முஸ்லிம் குடும்பங்கள், தமிழர்கள், சில வங்காளிகள். பெண்கள் இடதுபக்கம் உட்கார்ந்திருந்தார்கள். நான் மைக்கைச் சரிசெய்துவிட்டு நிமிர்ந்தபோது, அந்த வரிசைகளில் ஒன்றில் அம்மா இருந்தாள்.

நான் அழைக்கவில்லை. தலைப்பையும் சொல்லவில்லை. ஜெட்டிச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் படித்திருக்கிறாள். தாலிச் சரட்டைப் புடவைக்கு மேலே தெரியும்படி எடுத்துவிட்டு, நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

எல்லோருக்கும் புரியவேண்டும் என்று ஹிந்தியில் பேசினேன். வகுப்பில் இதை எத்தனையோ தடவை நடத்தியிருக்கிறேன். அன்று ஒவ்வொரு வாக்கியமும் வாயிலிருந்து வெளியே வரும்போது கனத்தது. போரில் காணாமல் போனவன், ஊரைவிட்டுப் போய்த் திரும்பாதவன், கப்பல் உடைந்து கடலில் போனவன் என்று அவர்கள் வகைபிரித்ததைச் சொன்னேன். ஒரு தரப்பு, அவனுடைய வயதொத்தவர்கள் எல்லாம் இறக்கும்வரை காத்திருக்கச் சொன்னதைச் சொன்னேன். இன்னொரு தரப்பு நான்கு ஆண்டு என்றது. அதற்குப் பிறகு இத்தா என்னும் தனித்திருக்கும் காலத்தைக் கழித்து, அவள் தன் வாழ்க்கையைப் பார்க்கலாம் என்றது. வயதொத்தவர்கள் இறக்கும்வரை என்றவர்களின் வழிவந்த அறிஞர்களே இந்த நாட்டில் பிற்காலத்தில், பெண்கள் படும் பாட்டைப் பார்த்து, நான்கு ஆண்டு என்ற கருத்தை எடுத்துக்கொண்டார்கள் என்றும் சொன்னேன். பொறுத்திருக்கட்டும் என்ற வரியையும் சொன்னேன். அப்போது அம்மா பக்கம் பார்க்காமல் இருக்க முயன்றேன்.

கேள்வி நேரத்தில் ஆண்கள் சொத்தைப் பற்றிக் கேட்டார்கள். இமாம் பதில் சொன்னார். பிறகு பெண்கள் பக்கத்திலிருந்து ஒருவர் எழுந்தார். நாற்பதைத் தாண்டிய வயது. தலைமுக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஹிந்தியில் தொடங்கியவர் இரண்டாவது வாக்கியத்திலேயே தமிழுக்கு வந்துவிட்டார்.

"எங்க மச்சான், மொத வீட்டுக்காரங்க, சுனாமியில போனவங்க. மய்யத்துகூடக் கரை ஒதுங்கலை. நான் பிரசவத்துக்கு இங்க வந்திருந்தேன், அதனால தப்பிச்சேன். நாலு வருஷம் கழிச்சு, பள்ளிவாசல் அஸ்ரத் சொல்லி, இத்தா இருந்து, மறுபடி நிக்காஹ் பண்ணி வெச்சாங்க. இவரும் தங்கமான மனுஷர். மாயாபந்தர்ல ஜெட்டி வேலை, இப்பதான் இங்க மாத்தலாகி வந்தோம். எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். அவங்க எங்கயாவது உசுரோட இருந்தா நான் யாரு? மவுத்தாகியிருந்தா, மறுமையில நான் யாருக்குப் பொஞ்சாதி?"

ஆண்கள் பக்கம், கடைசியில் நின்றிருந்த ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். அவர்தான் கணவர் என்று அதிலேயே தெரிந்தது.

நான் இமாமைப் பார்த்தேன். அவர் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"உங்க நிக்காஹ் சரியானது, தாத்தா," என்றார். அக்கா என்பதற்கு அவர்கள் சொல்லும் சொல் அது. "அதுல சந்தேகமே வேண்டாம். நீங்க தப்புப் பண்ணலை. மறுமையைப் பத்தி ஆலிம்கள் பல விதமா சொல்லியிருக்காங்க. எனக்குத் தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி நான் சொல்லமாட்டேன். உங்களைப் படைச்சவனுக்கு உங்க மனசு தெரியும்."

அந்தப் பெண் தலையாட்டினார். உட்காரப் போனவரை அம்மாவின் குரல் நிறுத்தியது. மைக் இல்லாமலே கேட்டது.

"எந்தத் தீவும்மா?"

"கச்சால்."

அம்மா எழுந்துவிட்டாள். "கச்சால்ல எங்க?"

"ஜெட்டிக்குப் பக்கத்துல. டீக்கடை வெச்சிருந்தோம்."

"பி.டபிள்யூ.டி.யில ரோடு போடுறவர்... உயரமா, நெத்தியில ஒரு வெட்டுத் தழும்பு..."

அந்தப் பெண்ணின் முகம் மாறியதை மேடையிலிருந்தே பார்த்தேன். "ரோட்டு அண்ணனா? நீங்க அவங்க வீட்டு அக்காவா?"

கூட்டத்தை முடித்துக்கொள்வதாக இமாம் அறிவித்தார். எல்லோரும் சத்தமில்லாமல் எழுந்து போனார்கள். நான் மேடையிலிருந்து இறங்கி வந்தபோது அவர்கள் இருவரும் பக்கத்து நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண்ணின் கை அம்மாவின் கைக்குள் இருந்தது.

"அவர் குவார்ட்டர்ஸ்லதான் இருந்திருப்பார்," என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். "அது மேட்டுல. தண்ணி ஏறலையே."

அந்தப் பெண் சொல்வதா வேண்டாமா என்று என்னைப் பார்த்தார்.

"அக்கா, ஞாயித்துக்கிழமை அண்ணன் குவார்ட்டர்ஸ்ல இருக்கமாட்டாங்க. விடிஞ்சதும் எங்க கடைக்கு வந்துருவாங்க. நான்தான் ஆப்பம் சுட்டுக் குடுப்பேன். மத்தியானம் வரைக்கும் கடை வாசல்ல சீட்டு ஆடுவாங்க, எங்க மச்சானும் அவங்களும். நான் கப்பல் ஏறின வாரம் வரைக்கும் ஒரு ஞாயிறுகூடத் தவறினதில்லை."

"மழை பேஞ்சா?"

"மழையிலயும் வருவாங்க, அக்கா."

தண்ணீர் ஏறாத அந்தக் குவார்ட்டர்ஸை அம்மா இத்தனை வருஷம் பிடித்துக்கொண்டிருந்தாள். சட்ட நூல்களில் ஒரு சொல் வரும், உறுதியான அறிவு என்று. அது கிடைக்காதபோதுதான் ஆண்டுக் கணக்கு, ஊகம் எல்லாம் தேவைப்படுகிறது. அது வந்து சேரும் நேரத்தில் எப்படி இருக்கும் என்று எந்த நூலும் எனக்குச் சொன்னதில்லை. அம்மா அந்தப் பெண்ணின் கையை விடாமல், தரையைப் பார்த்துக்கொண்டு, மூச்சை மட்டும் விட்டுக்கொண்டிருந்தாள்.

வெளியே அந்தக் கணவர் நின்றிருந்தார். நான் அவரிடம் போய், "மன்னிச்சிருங்க, இத்தனை பேர் முன்னாடி..." என்றேன்.

"இல்ல மேடம். கேட்டது நல்லது," என்றார். "ராத்திரியில எழுந்து உட்கார்ந்திருப்பா. என்னன்னு கேட்டா ஒண்ணுமில்லம்பா. எனக்குத் தெரியும். என்கிட்ட எப்படிக் கேப்பா, சொல்லுங்க?" முகத்தைத் துடைத்துக்கொண்டு, மனைவி வெளியே வருவதற்குள் சரிசெய்துகொண்டார்.

வீட்டுக்கு மேடேறும்போது அம்மா பாதி வழியில் நின்றாள்.

"உனக்கு எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"எதும்மா?"

"அவர் இல்லைன்னு."

"எனக்குத் தெரியாதும்மா. அதைத் தெரிஞ்சுக்க முடியுமான்னுதான் படிச்சேன்."

"புத்தகத்துல இருந்துச்சா?"

"இல்லை."

அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு மீதி மேட்டை ஏறினாள்.

சில வாரங்கள் அவள் யாரிடமும் இதைப் பற்றிப் பேசவில்லை. ஒரு நாள் காலையில் அவளே மாமாவுக்குப் போன் செய்து வரச்சொன்னாள். காரியத்தைக் கடற்கரையில் வைத்துக்கொண்டோம். பையன் இல்லையே, யார் செய்வது என்று சாஸ்திரிகள் மாமாவைப் பார்த்தார். "அவ பண்ணுவா," என்றாள் அம்மா என்னைக் காட்டி. நான் பண்ணினேன். எள்ளும் தண்ணீரும் விரல் வழியாக வழிந்தபோதுதான் அப்பாவின் பெயரை நான் வாய்விட்டுச் சொல்லிப் பல வருஷம் ஆகிவிட்டது என்று உறைத்தது. அந்தப் பெண்ணும் கணவரும் வந்து, கொஞ்சம் தள்ளி, தென்னைகளுக்குக் கீழே நின்றார்கள். தாலியை எடுக்கும் சடங்கு எதுவும் வேண்டாம் என்று அம்மா முன்பே சொல்லிவிட்டாள். இரண்டு நாள் கழித்து, யாரும் பார்க்காதபோது, அவளே கழற்றி வைத்திருந்தாள்.

அதே வாரம் வெள்ளிக்கிழமை, அந்தப் பெண் கேட்டுக்கொண்டபடி, இமாம் அவருடைய முதல் கணவருக்காகப் பள்ளிவாசலில் ஜனாஸாத் தொழுகை நடத்தினார். உடல் இல்லாதவருக்கு, தூரத்தில் இறந்தவருக்குத் தொழுவது அவர்கள் வழியில் உண்டு. முதல் வரிசையில் இரண்டாவது கணவர் நின்றார் என்று இமாம் என்னிடம் சொன்னார்.

இயக்குநர் கூட்டம் எப்படிப் போனது என்று கேட்டார். நிறையப் பேர் வந்தார்கள் என்றேன். அடுத்த பேச்சு திக்லிபூரில் வைக்கலாமா என்றார். சரி என்றேன்.

இப்போது அந்தப் பெண் அடிக்கடி எங்கள் வீட்டுக்கு வருகிறார். அம்மாவும் அவரும் சமையலறையில் உட்கார்ந்து கச்சாலைப் பற்றிப் பேசுகிறார்கள். அம்மா அந்தத் தீவைப் பார்த்ததே இல்லை. கடை எந்தப் பக்கம் பார்த்திருந்தது, பெஞ்சு எங்கே கிடந்தது என்று கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்கிறாள். போன வாரம் அவர் ஒன்று சொன்னார். சீட்டில் தோற்றால் அப்பாவுக்குக் கோபம் வந்துவிடுமாம். சீட்டை வீசிவிட்டு, இனி இந்தக் கடைப்பக்கம் வரமாட்டேன் என்று கத்திவிட்டுப் போவாராம். அடுத்த ஞாயிறு ஒன்றும் நடக்காத மாதிரி வந்து உட்காருவாராம். எங்கள் வீட்டில் அப்பா ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. அவர் கத்துவார் என்பது எனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது.

அம்மா சிரித்தாள். "அவரா? கத்துவாரா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். அப்புறம் உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் அழுவது எங்கள் இருவருக்கும் கேட்டது. எழப்போன என்னை அந்தப் பெண் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன்.